சினை நண்டைத் திருப்பி விட்டால் யாருக்கு லாபம்?

இந்த முறை வந்த கடிதங்களில் குறுவை நாற்றங்கால், தென்னையில் காண்டாமிருக வண்டு, ஆட்டுக்கு வரும் கழிச்சல் என்று வழக்கமான கேள்விகள் நிறைய. அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். இந்த இதழில் ஒரே ஒரு கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் விரிகுடா ஓரத்துக் கிராமம் ஒன்றில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

"ஐயா, எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் நெல், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. மற்ற நாளெல்லாம் என் வீட்டுக்காரரும் மகனும் நண்டு வலைக்குப் போகிறார்கள். சினை நண்டு கிடைத்தால் கடலிலேயே விட்டுவிடச் சொல்லி ஊரில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். நானும் விடத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரர் கேட்க மாட்டேன் என்கிறார். 'குஞ்சு பொரித்ததும் நீவாடு அதை எங்கேயோ கொண்டுபோய் விடும். ஊரான் பிள்ளைக்கு நாம் ஏன் பால் ஊற்ற வேண்டும்? இன்றைக்கு எடை போட்டால் இன்றைக்குக் காசு' என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பது போலத்தான் தெரிகிறது. உண்மையிலேயே நாங்கள் விடும் நண்டின் குஞ்சு எங்கள் கடலுக்கே திரும்பி வருமா? யோசித்து எழுதுங்கள்."

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி லேசானது அல்ல. கடல் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுதான். நான் வேளாண்மை படித்தவன், கடலில் பிறந்து வளர்ந்தவன் அல்ல. ஆனால் கடைமடைப் பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்ததால், வயலும் கழியும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதைக் கண்ணால் பார்த்தவன். தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முட்டையில் இருந்து குஞ்சு வரை

உங்கள் வலையில் அதிகம் விழுவது நீலக்கால் நண்டு. அதன் பெண் நண்டு, வயிற்று மடலுக்கு அடியில் பஞ்சு உருண்டை மாதிரி முட்டைகளைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவைக்குச் சில லட்சம் முட்டைகள். பெரிய நண்டாக இருந்தால் 10 லட்சத்தையும் தாண்டும். முட்டை புதிதாக இருக்கும்போது மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருக்கும். உள்ளே குஞ்சு வளர வளரப் பழுப்பாகும். கடைசியில் குஞ்சுகளின் கண்கள் தெரிய ஆரம்பித்துக் கருப்பாகிவிடும். கருப்பு நிறம் வந்துவிட்டால் ஓரிரு நாளில் பொரிக்கப் போகிறது என்று அர்த்தம். நம் கடலின் வெப்பத்துக்கு முட்டையிட்டதில் இருந்து பொரிக்கும் வரை பத்து நாள் கணக்கு.

பொரித்து வரும் குஞ்சு பார்ப்பதற்கு நண்டு மாதிரியே இருக்காது. தலையில் முள்ளும் பின்னால் வாலுமாக, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டமான ஒரு பூச்சி மாதிரி இருக்கும். இதற்கு சோயியா என்று பெயர். தரையில் உட்காராது, தண்ணீரிலேயே மிதந்து திரியும். பூச்சி தோல் உரிப்பது போல இதுவும் சட்டை உரித்து உரித்து நான்கு நிலை கடந்து, மெகலோப்பா என்ற ஐந்தாவது நிலைக்கு வரும். இந்த நிலையில் கொடுக்கு வந்திருக்கும், நீந்தவும் முடியும், ஊர்ந்து பிடித்துக்கொள்ளவும் முடியும். இது கடல் புல்லும் ஆழமில்லாத தரையும் தேடி இறங்கி, அடுத்த சட்டையை உரிக்கும்போதுதான் குட்டி நண்டாகிறது. பொரித்த நாளில் இருந்து இதுவரைக்கும் சுமார் இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும்.

இந்த இரண்டு மூன்று வாரம்தான் உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியின் மையம். அந்த நாட்களில் குஞ்சு எங்கே போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தண்ணீர்தான்.

நீவாடு எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரோட்டம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரே திசையில் போவதாக வைத்துக்கொள்வோம். மிதமான வேகம்தான். ஒரு நாளைக்கு 8.6 கிலோமீட்டர். 15 நாளைக்கு 130 கிலோமீட்டர். கோடியக்கரையில் இருந்து ராமேசுவரம் வரை நேர்க்கோட்டில் ஏறக்குறைய இந்தத் தூரம்தான் வரும். அதாவது இந்தக் கணக்கின்படி நீலக்கால் நண்டின் குஞ்சு பாக் விரிகுடாவின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போகலாம்.

ஆனால் இது நேராக ஓடினால் வரும் கணக்கு. கடல் அப்படி நேராக ஓடுவதில்லை என்பது உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஏற்றத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும், வற்றத்துக்கு மறுபக்கம் இழுக்கும். காற்று மாறினால் நீவாடும் மாறும். முனை, திட்டு, வளைவு என்று இருக்கும் இடங்களில் தண்ணீர் சுழன்று அங்கேயே நிற்கும். பத்தடி போய் எட்டடி திரும்பி வரும் பயணம் அது. பாக் விரிகுடா மூன்று பக்கமும் ஓரளவு அடைப்பட்ட, ஆழமில்லாத கடல். அப்படிப்பட்ட இடத்தில் குறைந்த நாள் மிதக்கும் குஞ்சுகளில் ஒரு பங்கு உள்ளேயே தங்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் வங்கக் கடல் தண்ணீர் கோடியக்கரைப் பக்கமிருந்து பாக் விரிகுடாவுக்குள் நுழைந்து, பாம்பன் வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாக, மன்னார் வளைகுடாத் தண்ணீர் பாக் விரிகுடாவுக்குள் வரும். வெளியே, கிழக்குக் கடற்கரை நெடுகிலும் ஓடும் பெரிய நீரோட்டமும் இப்படித்தான். மாசி, பங்குனியில் வடக்கு நோக்கியும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கியும் ஓடும். உலகத்தில் பல கடற்கரைகளில் ஆண்டு முழுக்க ஒரே திசையில்தான் நீரோட்டம் இருக்கும். நம்முடையது ஆண்டுக்கு இருமுறை திசை மாற்றும். ஆகவே தை மாதம் தெற்கே இருப்பவனுக்கு வடக்கே இருப்பவனின் குஞ்சு போகும். ஆடி மாதம் தெற்கே இருப்பவனின் குஞ்சு வடக்கே வரும். இதில் யாரும் நிரந்தரமாகக் கொடுப்பவரும் இல்லை, நிரந்தரமாக வாங்குபவரும் இல்லை. எதிர்க்கரையில் இலங்கை இருக்கிறது. வரைபடத்தில் போட்ட கோடு குஞ்சுக்குத் தெரியாது.

குஞ்சு வெறும் துரும்பு அல்ல

நீரோட்டம் இழுக்கும் பக்கமெல்லாம் குஞ்சு போகிறது என்று சொன்னாலும், அதில் பாதிதான் உண்மை. பக்கவாட்டில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் பலம் அதற்கு இல்லை. ஆனால் மேலேயும் கீழேயும் போக முடியும். கடலில் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் எப்போதும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேலே காற்று தள்ளும் திசை ஒன்று, அடியில் ஓடும் திசை வேறு. எந்த நேரத்தில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை மாற்றிக்கொண்டே தனக்கு வேண்டிய பக்கம் போகக் குஞ்சுக்கு வழி இருக்கிறது. பரிசல்காரர் நடு ஆற்றையும் கரை ஓரத்தையும் மாற்றி மாற்றிப் பிடிப்பது போலத்தான்.

இறால் குஞ்சுகளிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தாய் இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சுகள் இரண்டு மூன்று வாரம் மிதந்துவிட்டுக் கழிமுகம் தேடி வரும். கழிக்குள் ஏற்றம் வரும்போது மேலே எழும்பி, உள்ளே போகும் தண்ணீரோடு போகும். வற்றம் ஆரம்பித்ததும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஏற்றத்துக்கு மறுபடி எழும்பும். இப்படி ஏற்றம் ஏற்றமாக ஏறி, அலையாத்திக் காட்டுக்குள்ளும் ஏரிக்குள்ளும் வந்து சேரும். முகத்துவாரம் மணல் மூடிப் போனால் உள்ளே இறால் குறைந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழவேற்காட்டுக்காரர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரித் திறந்து விடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்பது படகு போவதற்கு மட்டுமல்ல, இந்தக் குஞ்சு உள்ளே வருவதற்கும்தான்.

சேற்று நண்டு, அதாவது களி நண்டு, இன்னும் விசேஷம். கழியில் வாழும் பெண் நண்டு சினை பிடித்ததும் கடலுக்கு இறங்கிப் போய்தான் பொரிக்கும். குஞ்சு மூன்று நான்கு வாரம் வெளியே மிதந்துவிட்டு, வளர்வதற்குக் கரைப்பக்கம் திரும்பும். முகத்துவாரத்தில் கடலுக்குப் போகும் தாயையும் பிடித்து, திரும்பி வரும் குட்டியையும் பிடித்தால், விதை நெல்லையும் நாற்றையும் ஒன்றாக விற்றுத் தின்ற கதைதான்.

ஆண்டுக்கணக்கில் மிதக்கும் பிள்ளை

ஊரான் பிள்ளை என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு பொருந்தும் ஓர் உயிரும் கடலில் உண்டு. அது சிங்கி இறால். அதைப் பற்றிச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதில் இன்னும் தெளிவாகும்.

சிங்கி இறாலின் குஞ்சு கண்ணாடியில் வெட்டிய இலை மாதிரி தட்டையாக இருக்கும். இது வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் மிதக்கும். மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் இருக்கும் சிங்கி இறால் வகையின் குஞ்சு 9 முதல் 11 மாதம் வரை கடலில் மிதக்கிறது. முன்னே போட்ட அதே கணக்கைப் போட்டால், ஒன்பது மாதத்துக்கு 2,300 கிலோமீட்டருக்கு மேல் வரும். உண்மையிலேயே அந்தக் குஞ்சுகள் கரையில் இருந்து 1,500 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில்கூடக் கிடைத்திருக்கின்றன. சின்னக் குஞ்சாக இருக்கும்போது இரவில் மேல்மட்டத்துக்கு வந்து, காற்று தள்ளும் தண்ணீரோடு வெளிக்கடலுக்குப் போய்விடுகிறது. வளர்ந்ததும் சற்று ஆழத்தில் நின்று, கரைப்பக்கம் வரும் ஓட்டத்தில் திரும்புகிறது. கடைசியில் இலை வடிவம் மாறி, நிறமில்லாத குட்டிச் சிங்கியாக உருவெடுக்கிறது. இதற்குப் பியூருலஸ் என்று பெயர். அது ஒன்றும் தின்னாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்தே கடைசிப் பல கிலோமீட்டர் நீந்திக் கரையோரப் பாறைக்கு வந்து ஒண்டுகிறது. பெரும்பாலும் அமாவாசையை ஒட்டிய இருட்டில்தான் வரும்.

அங்கே 1960களின் கடைசியில் இருந்து ஒரு வேலையை விடாமல் செய்து வருகிறார்கள். செயற்கைக் கடல்பாசி கட்டிய தட்டிகளைக் கரையோரம் பல இடங்களில் மிதக்க விட்டிருக்கிறார்கள். பாறை என்று நினைத்துக் குட்டிச் சிங்கி அதில் வந்து ஒட்டும். ஒவ்வொரு பௌர்ணமியை ஒட்டியும் தட்டியை உதறி எண்ணுவார்கள். இந்த வருடம் எத்தனை குட்டி வந்தது என்று தெரிந்தால், அது பிடிக்கும் அளவுக்கு வளர மூன்று நான்கு வருடம் ஆகும் என்பதால், நான்கு வருடம் கழித்து மகசூல் எப்படி இருக்கும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். நாம் நாற்றங்காலைப் பார்த்து நடவுக்கு எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவதில்லையா, அதே மாதிரிதான்.

இந்தக் கணக்கில் நீரோட்டத்தின் பங்கும் தெரிந்தது. அந்தக் கரையோரம் லீவின் என்ற வெதுவெதுப்பான நீரோட்டம் வடக்கில் இருந்து தெற்கே ஓடுகிறது. அது வலுவாக ஓடிய வருடங்களில் குட்டி வரத்து பெரும்பாலும் நன்றாக இருந்தது. எல் நினோ வருடங்களில் அது வலுக்குறையும், வரத்தும் குறையும். தாய் எத்தனை முட்டை போட்டது என்பதைவிட, கடல் எத்தனை குஞ்சைத் திருப்பிக் கொண்டுவந்தது என்பதே பல வருடங்களில் மகசூலைத் தீர்மானித்தது.

பிறகு வந்தது சோதனை. 2008-09 பருவத்தில் குட்டி வரத்து, எண்ண ஆரம்பித்த நாளில் இருந்து பார்க்காத அளவுக்கு விழுந்தது. நீரோட்டம் சாதகமாகத்தான் இருந்தது, ஆனாலும் வரவில்லை. நீரோட்டம் ஒன்றே எல்லாம் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. குஞ்சு பொரிக்கும் காலமும், கடலின் வெப்பமும், கடலில் கிடைக்கும் தீனியும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த நேரத்தில் கரையில் பெரிய சிங்கிக்குப் பஞ்சம் வரவில்லை. பிடிபட்டதைப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் தட்டி சொன்ன சேதியை நம்பி, பஞ்சம் வருவதற்கு முன்பே பிடிப்பதைக் குறைத்தார்கள். நீண்ட காலச் சராசரியாக ஆண்டுக்கு 11,000 டன் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், 2009-10 பருவத்தில் 5,500 டன் என்று இலக்கு வைத்தார்கள். பாதிக்குப் பாதி. வருமானம் இடித்தது, எதிர்ப்பும் வந்தது. ஆனால் தாய்ச் சிங்கி கடலில் மிஞ்சியது. குட்டி வரத்து மீண்டபோது தொழிலும் மீண்டது.

அங்கே சினையோடு பிடிபடும் சிங்கியைக் கடலில் விட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அதன் குஞ்சு ஆயிரம் கிலோமீட்டர் போகும், யார் கரைக்குத் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியும் எல்லாரும் விடுகிறார்கள். காரணம் எளிது. எல்லாரும் விட்டால்தான் யாருக்காவது திரும்பும்.

அப்படியானால் உங்கள் கேள்விக்குப் பதில்?

நீங்கள் விடும் ஒரு நண்டின் குஞ்சு உங்கள் வலைக்கே வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சொன்னால் பொய். லட்சக்கணக்கான குஞ்சுகளில் பெரும்பாலானவை மீனுக்கும் இழுதுக்கும் இரையாகும். ஒரு பெண் நண்டின் ஆயுளுக்கும் சேர்த்து இரண்டே இரண்டு குஞ்சு பெரிதாகி இனப்பெருக்கம் செய்தால்கூட, கடலில் நண்டு குறையாது. மூன்று தேறினால் கூடும். ஒன்று தேறினால் குறையும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய கோட்டில்தான் எல்லா நண்டுக்காரர் பிழைப்பும் நிற்கிறது.

ஆனால் இன்னொன்றையும் உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இன்றைக்கு உங்கள் வலையில் விழும் நண்டு எங்கே பொரித்தது? நீங்கள் விட்ட தாயிடம் இருந்தா? பெரும்பாலும் இருக்காது. அது வடக்கே ஏதோ ஒரு ஊர்க்காரர் வலையில் அகப்படாமல் தப்பிய தாயின் பிள்ளையாக இருக்கலாம். தெற்கே யாரோ விட்டதாக இருக்கலாம். நீங்கள் இத்தனை நாள் பிடித்ததில் பெரும்பங்கு ஊரான் பிள்ளைதான். நம்முடைய பெரியவர்கள் ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார்கள். கடலுக்கு இது வெறும் பழமொழி இல்லை, கணக்கு.

வயல்காரருக்கு இது புதிதில்லை. ஏரிக் கரையை நான் ஒருவன் பலப்படுத்தினால் தண்ணீர் எல்லாருக்கும் போகிறதே என்று எவரும் மண் போடாவிட்டால், ஒரு மழைக்கு ஏரி உடைந்து யாருக்கும் தண்ணீர் இல்லை. குடிமராமத்து என்று முறை வைத்து எல்லாரும் மண் சுமந்தார்கள். சினை நண்டை விடுவதும் அப்படிப்பட்ட மராமத்து வேலைதான். ஒருவர் மட்டும் செய்தால் நஷ்டம். ஊரே செய்தால் லாபம். பக்கத்து ஊரும் சேர்ந்தால் இன்னும் லாபம்.

இன்றைய காசும் போகாமல் ஒரு வழி

இன்றைக்கு எடை போட்டால்தான் இன்றைக்கு உலை வைக்க முடியும் என்ற நிலைமை எனக்குத் தெரியும். தாய்லாந்தில் கடலோரக் கிராமங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. நண்டு வங்கி என்று பெயர். வலையில் வரும் சினை நண்டை விற்காமல், ஊருக்குப் பொதுவான மிதவைக் கூண்டிலோ கடல்நீர்த் தொட்டியிலோ சில நாள் விடுவார்கள். முட்டை பொரிந்து குஞ்சு கடலுக்குப் போனதும், தாய் நண்டை எடுத்து விற்றுக்கொள்ளலாம். சில நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். கருப்பு முட்டை நண்டாக இருந்தால் அந்தப் பொறுமைகூட இரண்டு நாளுக்குத்தான்.

உங்கள் ஊர் மகளிர் குழுவும் மீனவர் சங்கமும் சேர்ந்து மீன்வளத் துறை அலுவலரைக் கேட்டால் இதைச் சின்ன அளவில் செய்து பார்க்கலாம். தொட்டி வைப்பதானால் நல்ல கடல்நீரும் காற்றூட்டமும் கட்டாயம். குஞ்சை விடும் இடமும் நேரமும் நீவாடு தெரிந்த பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வெளிக்கடலுக்கு இழுக்கும் நேரத்தில் விடாமல், கடல் புல் இருக்கும் பக்கம் தண்ணீர் போகும் நேரத்தில் விட்டால் குஞ்சு தரை சேரும் வாய்ப்பு கூடும். இந்த அறிவு உங்கள் ஊரில் உண்டு. அதைக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

வங்கி வரும் வரைக்கும் செய்யக்கூடியவை:

முதலாவது, கருப்பு, பழுப்பு முட்டை நண்டை முதலில் விடுங்கள். அது நாளைக்கே விதைத்துவிடும்.

இரண்டாவது, வலையில் இருந்து பிய்த்து எடுக்காதீர்கள். காலும் கொடுக்கும் ஒடிந்த தாய் பிழைப்பது சந்தேகம். ஒரு கண்ணியை அறுத்து எடுத்தால் ஊசி நூலோடு போகும்.

மூன்றாவது, படகில் வெயிலில் போட்டு வைத்துக் கரையில் வந்து விடாதீர்கள். கிடைத்த இடத்திலேயே, கிடைத்த உடனே விடுங்கள். முடியாவிட்டால் நனைந்த சாக்கில் நிழலில் வையுங்கள்.

நான்காவது, கடல் புல் மேல் இழுவலை போகாமல் பார்த்துக்கொள்வதும் நண்டு வளர்ப்புதான். குஞ்சு எத்தனை வந்தாலும் இறங்க இடம் இல்லாவிட்டால் வந்தும் பயன் இல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கடற்பசு மேய்வது இந்தக் கடல் புல்லில்தான். பசுவுக்குக் காக்கும் புல், நண்டுக் குஞ்சுக்கும் தொட்டில்.

வயல்காரர்களுக்கும் ஒரு சேதி

கடலோரம் இல்லாத வாசகர்கள், இதில் எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடையில் இருந்தேன். ஒரு சம்பாப் பட்டத்தில் பூச்சித் தாக்குதல் கடுமையாக இருந்தது. மருந்து அடித்த மறுநாள் பெருமழை வரும்போல் இருந்ததால், வயல் தண்ணீரை வடித்துவிடச் சொன்னேன். பயிர் மூழ்கிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான். ஐம்பது அறுபது ஏக்கர் தண்ணீர் ஒரே வடிகாலில் இறங்கியது. அடுத்த நாள் காலையில் வடிகால் கடைசியில் கழியோரம் போனேன். கூனி இறாலும் சின்ன நண்டும் செத்து ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. தூண்டிலோடு வந்த ஒரு பெரியவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. "என்ன தம்பி, உங்க பூச்சியும் எங்க பூச்சியும் ஒரே சாதி போல இருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அவர் சொன்னது சரியான விலங்கியல். இறாலும் நண்டும் பூச்சிகளும் ஒரே பெருங்குடும்பம். எல்லாவற்றுக்கும் இணைப்புக் கால், எல்லாம் சட்டை உரித்தே வளரும். ஆகவே சைபர்மெத்ரின், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் தண்டுத் துளைப்பானைக் கொல்வது போலவே இறால் குஞ்சையும் கொல்லும். பூச்சி சட்டை உரிப்பதைத் தடுக்கும் மருந்துகளும் உண்டு. நான்கைந்து தடவை சட்டை உரித்தே நண்டாக வேண்டிய குஞ்சுக்கு அவை ஆகாதவை. இரண்டு வாரம் நீரோட்டத்தோடு மிதந்து, ஏற்றம் ஏற்றமாக ஏறி வந்த குஞ்சு, கழியின் வாசலில் நம் வடிகால் தண்ணீரில் சாகக் கூடாது.

கடைமடை விவசாயிகளுக்கு நான் சொல்வது இதுதான். பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் மருந்து. மழை வரும்போல் இருந்தால் அன்றைக்குத் தெளிக்க வேண்டாம். தெளித்த பிறகு ஒரு வாரமாவது தண்ணீரை வடிக்காமல் வயலிலேயே நிறுத்துங்கள். வடிகாலில் மருந்துக் கருவியைக் கழுவாதீர்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப்பொறி போன்றவற்றை முதலில் பயன்படுத்துங்கள்.

இரண்டு குறுங்கேள்விகள்

*இறால் குட்டையில் விட, கழியில் இருந்து குஞ்சு அரித்துப் பிடிக்கலாமா? (நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்)*

வேண்டாம். கொசுவலையில் அரித்தால் உங்களுக்கு வேண்டிய குஞ்சு ஒரு கை அளவுக்கு வரும்போது, வேண்டாத மீன் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அதைவிடப் பல மடங்கு வந்து கரையில் சாகும். நோயும் கூட வரும். பதிவு பெற்ற பொரிப்பகத்தில் பரிசோதனை செய்த குஞ்சை வாங்குங்கள். சேற்று நண்டு வளர்க்க விரும்புவோருக்குச் சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ்காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் பொரிப்பகம் உண்டு.

*சிங்கி இறால் எவ்வளவு எடை இருந்தால் பிடிக்கலாம்? (கன்னியாகுமரி மாவட்ட வாசகர்)*

ஏற்றுமதிக்கு மத்திய அரசு 2003-ல் குறைந்தபட்ச எடை வைத்திருக்கிறது. பனுலிரஸ் ஹோமாரஸ் வகைக்கு 200 கிராம், பாலிபேகஸ் வகைக்கு 300 கிராம், ஆர்னேட்டஸ் வகைக்கு 500 கிராம். எடை சரியாக இருந்தாலும் சினை இருந்தால் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் மிதந்து திரும்பும் பிள்ளை அது. அதற்கு மாற்றாக வேறு விதை கிடையாது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரரிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த முறை கருப்பு முட்டை நண்டு ஒன்று வந்தால், அதை மட்டும் விடச் சொல்லுங்கள். மற்றதை ஊர்க் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். நண்டு வங்கி ஆரம்பித்தால் மறக்காமல் எனக்கு எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் எந்த மாதம் எந்தப் பக்கம் நீவாடு ஓடும் என்று சொல்வதையும் ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள். மற்ற ஊர் வாசகர்களுக்கும் அது பயன்படும்.